போஸ்ட்கிரெஸா, மைஎஸ்க்யூஎல்லா, மரியாடிபியா? கொங்கு வட்டாரத்துத் தொழில்களுக்கு ஓர் ஒப்பீடு

"ஏனுங்க, புது சாஃப்ட்வேருக்கு போஸ்ட்கிரெஸ் போடறதா, இல்ல மைஎஸ்க்யூஎல்லே போதுமா?" திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் இதைக் கேட்கிறார்கள். ஈரோட்டில் மஞ்சள் மண்டிக்குக் கணக்கு எழுதித் தருகிறவர்களும், கோவை பம்ப் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் பிரிவைத் தனியாளாகச் சமாளிக்கிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். கூடவே "மரியாடிபி வேறயா, ரெண்டும் ஒண்ணா?" என்ற கேள்வியும் வரும். மூன்றுமே விவரங்களை டேபிள்களாக வைத்துத் தேடித் தரும் டேட்டாபேஸ் மென்பொருள்கள்.

எது வேகம் என்று தொடங்கும் ஒப்பீடுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் நுழையும் தளங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஒரு சாயப்பட்டறையில் பதினைந்து பேர் லாட் எண் அடிப்பதற்கும் டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) போடுவதற்கும் அந்த வேகப் பந்தயம் தேவையில்லை. அந்த வேலைக்கு இங்கே பேசப்போகும் எல்லாமே போதுமான வேகத்தில் ஓடும். ரிப்போர்ட் மெதுவாக வந்தால் பத்துக்கு ஒன்பது முறை காரணம் விட்டுப்போன இண்டெக்ஸாகத்தான் (வேகமாகத் தேட டேபிளுக்குப் போடும் அட்டவணை) இருக்கும். டேட்டாபேஸை மாற்றினாலும் அந்த இண்டெக்ஸ் தானாக வந்துவிடாது.

என் பார்வையில் தேர்வைத் தீர்மானிக்க வேண்டியவை இரண்டு. ஐந்தாம் ஆண்டில் அந்த டேட்டாபேஸை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்? அன்றைக்கு அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்துகொண்டிருக்குமா? அம்சப் பட்டியலெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் ஆள். நம் பக்கத்துத் தொழிற்கூடங்களில் டேட்டாபேஸுக்கென்று தனி ஆள் வைப்பது அபூர்வம். பிரிண்டரையும் சிசிடிவியையும் பார்க்கிறவரே சர்வரையும் பார்ப்பார். பேக்கப் எடுப்பது, எடுத்ததைத் திரும்ப ஏற்றுவது, பதிப்பை உயர்த்துவது ஆகிய மூன்றையும் போனில் சொல்லச் சொல்ல அவரால் செய்ய முடியுமா என்று பாருங்கள்.

இரண்டாவது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் எழுதுவார்கள் என்பது. படிப்பவர்களின் எண்ணிக்கை பெரிய சிக்கல் தராது. சனிக்கிழமை சம்பளத்துக்கு பீஸ் ரேட் கணக்கை நாலைந்து சூப்பர்வைசர்கள் சேர்ந்து அடிக்கும் அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது லைசென்ஸ். சொந்தக் கம்பெனிக்குள் மட்டும் பயன்படுத்துகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம். மென்பொருளைப் பெட்டியில் போட்டு வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில் நிறுவித் தருகிறவர்கள் மட்டும் நின்று படிக்க வேண்டும்.

நான்காவது, ஆடிட்டர் கேட்கும் திருத்தப் பதிவு. கம்பெனிச் சட்டத்தின் கணக்கு விதிகளின்படி, 2023 ஏப்ரல் 1 முதல் பதிவுபெற்ற கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும். அந்த வசதியை யாரும் அணைத்து வைக்க முடியக்கூடாது. கணக்கின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும் என்ற விதியும் 2022-ல் வந்தது. பார்ட்னர்ஷிப், தனி உரிமையாளர் தொழில்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது. ஆனால் வருமானம் ஏறி பிரைவேட் லிமிடெட் ஆக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே யோசிப்பது நல்லது. பல ஆடிட்டர்கள் மென்பொருளின் திரையில் செய்த மாற்றத்தோடு விடுவதில்லை, டேட்டாபேஸுக்குள் நேரடியாகக் கை வைத்தாலும் தெரியுமா என்று கேட்கிறார்கள்.

கடைசி அளவுகோல் நாட்காட்டி. எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு வரைக்கும்.

## ஒரு பார்வையில்

| | போஸ்ட்கிரெஸ் | மைஎஸ்க்யூஎல் | மரியாடிபி | எஸ்க்யூலைட் |
|---|---|---|---|---|
| யார் கையில் | தனி முதலாளி இல்லை, உலகளாவிய குழு | ஆரக்கிள் | அறக்கட்டளையும் ஒரு கம்பெனியும் | மிகச் சிறிய குழு |
| லைசென்ஸ் | மிகத் தளர்வானது | ஜிபிஎல் 2 (சேர்த்து விற்றால் மூலநிரலையும் தரச் சொல்லும் உரிமம்) அல்லது காசு கொடுத்து வணிக உரிமம் | ஜிபிஎல் 2, இணைப்பான்கள் (மென்பொருளை டேட்டாபேஸோடு இணைக்கும் நிரல்கள்) அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் | பொதுச் சொத்து |
| புதுப் பதிப்பு | ஆண்டுக்கு ஒன்று | ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு), நடுவே இன்னோவேஷன் பதிப்புகள் | ஆண்டுக்கு ஒரு எல்டிஎஸ் | அடிக்கடி, பழைய கோப்பு அப்படியே திறக்கும் |
| ஆதரவு | 5 ஆண்டு | எல்டிஎஸ்ஸுக்கு 8 ஆண்டு | 11.4 வரை 5 ஆண்டு, 11.8 முதல் 3 ஆண்டு | 2050 வரை என்று அறிவிப்பு |
| ஒரே நேரத்தில் பலர் எழுத | முடியும் | முடியும் | முடியும் | ஒரு நேரத்தில் ஒருவர் |
| டேபிள் மாற்றத்தை ரோல்பேக் செய்ய (பழைய நிலைக்குத் திருப்ப) | முடியும் | முடியாது | முடியாது | முடியும் |
| கண்ணில் படாத செலவு | வேக்குவம், பதிப்பு உயர்த்தும் வேலை | சில வசதிகளுக்குத் தனிக் காசு | மைஎஸ்க்யூஎல்லிலிருந்து விலகும் தூரம் | தளர்வான டேட்டா வகைகள் |

## போஸ்ட்கிரெஸ்

இதன் வேர் 1986-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டம். 1996-ல் இன்றைய பெயர் வந்தது. இன்று வரை எந்தக் கம்பெனியும் இதை வாங்கிவிட முடியவில்லை, ஏனென்றால் வாங்குவதற்கு ஓர் உரிமையாளரே கிடையாது. மையக் குழுவில் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்கள் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது என்று அவர்களே விதி வைத்திருக்கிறார்கள்.

அதனால் வளர்ச்சித் திட்டமும் வேறு மாதிரி நடக்கிறது. "அடுத்த ஆண்டு இதெல்லாம் வரும்" என்று மேலிருந்து அறிவிக்கும் பட்டியல் கிடையாது. ஜூலையில் தொடங்கி மார்ச் வரை ஐந்து முறை, வந்த மாற்றங்களைக் கூடி அலசுவார்கள். ஏப்ரலில் புது வசதிகளுக்குக் கதவை அடைத்துவிட்டு, செப்டம்பர் அல்லது அக்டோபரில் வெளியிடுவார்கள். தயாராகாதது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். வசதி எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆனால் பதிப்பு எப்போது வரும், எப்போது முடியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 16-ம் பதிப்புக்கு 2028 நவம்பர், 17-க்கு 2029 நவம்பர், 18-க்கு 2030 நவம்பர். நடுவே பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் திருத்தங்கள் வரும். தீபாவளிக்கு மெஷின் நிறுத்தும் வாரத்தில் சர்வர் வேலையை வைத்துக்கொள்கிறவர்களுக்கு இந்த ஒழுங்கு பெரிய வசதி.

நம் வேலைக்கு இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, டேபிள் அமைப்பை மாற்றுவதையும், நடந்தால் முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத டிரான்சாக்‌ஷனுக்குள் வைக்கலாம் என்பது. நாற்பது வாடிக்கையாளர்களுக்கு ஒரே மென்பொருளை நிறுவித் தந்திருக்கிறீர்கள். புதுப் பதிப்பு அனுப்பும்போது ஆறு டேபிள்களை மாற்றும் ஸ்கிரிப்டும் கூடப் போகிறது. நாலாவது டேபிளில் அது தடுக்கி விழுந்தால், போஸ்ட்கிரெஸில் ஆறுமே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மைஎஸ்க்யூஎல்லிலும் மரியாடிபியிலும் மூன்று மாறியிருக்கும், மூன்று மாறாமல் நிற்கும். அப்புறம் ஒவ்வொரு இடமாக பைக்கை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். கரூரில் ஒரு வாடிக்கையாளர், பொள்ளாச்சியில் ஒருவர் என்று வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு வசதியே முடிவை எடுத்துத் தந்துவிடும்.

ஜேசன் (மென்பொருள்கள் தங்களுக்குள் விவரம் பரிமாறும் எழுத்து வடிவம்) வசதியையும் சொல்ல வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். போர்ட்டலிலிருந்து ஜேசனாகத் திரும்பி வரும் பதிலை அப்படியே ஒரு பத்தியில் போட்டு, உள்ளே இருக்கும் எந்த விவரத்தையும் இண்டெக்ஸோடு தேடலாம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் எந்த மாநிலத்தில் நிற்கின்றன என்று வரைபடத்தில் காட்ட வேண்டியவர்களுக்கு போஸ்ட்ஜிஐஎஸ் என்ற வரைபட நீட்சி இருக்கிறது. திறந்த மூல டேட்டாபேஸ்களில் அதற்கு நிகரானது வேறு இல்லை.

2024-ல் வந்த 17-ம் பதிப்பு, மாறிய பகுதியை மட்டும் எடுக்கும் பேக்கப்பைக் கொண்டுவந்தது. 2025 செப்டம்பரில் வந்த 18, வட்டிலிருந்து படிக்கும் முறையையே மாற்றியது. ஒரு பக்கம் வரும் வரை காத்திருக்காமல் பலவற்றை ஒன்றாகக் கேட்டு வாங்குகிறது. அதைவிட நமக்குப் பயன்படுவது வேறொன்று: பதிப்பை உயர்த்தும்போது, தேடும் வழியைத் தேர்ந்தெடுக்க டேட்டாபேஸ் வைத்திருக்கும் புள்ளிவிவரங்கள் இனி பெரும்பாலும் அழிவதில்லை. முன்பெல்லாம் உயர்த்திய அன்று காலையில் அவற்றைத் திரும்பச் சேர்க்கும் அனலைஸ் ஓட்டி முடிக்கும் வரை எல்லா ரிப்போர்ட்டும் நத்தையாக ஊரும், போன் அடித்துக்கொண்டே இருக்கும். வட்டில் டேட்டா கெட்டுப்போனால் கண்டுபிடிக்கும் செக்சம்மும் 18-ல் தானாகவே இயங்கும். பழைய சர்வரில் அது இல்லாமல் இருந்தால், புதியதிலும் அதை நிறுத்திவைத்துத்தான் பதிப்பை உயர்த்தும் கருவியான பிஜி-அப்கிரேடு ஓட்ட வேண்டும். இதைத் தெரியாமல் நடுராத்திரியில் முழிக்கிறவர்கள் உண்டு.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். ஒரு வரியை மாற்றினால் போஸ்ட்கிரெஸ் பழைய வரியை அங்கேயே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதும். பழையதைப் பெருக்கித் தள்ளுவது வேக்குவத்தின் வேலை. அது தானாக ஓடும்தான். ஆனால் யாரோ ஒருவர் டிரான்சாக்‌ஷனைத் திறந்தபடியே ஒரு திரையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், அது முடியும் வரை குப்பை அகலாது. லாட் நிலை நிமிடத்துக்கு நிமிடம் மாறும் சாயப்பட்டறை டேபிள் வீங்குவது இப்படித்தான். ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனி புராசஸ் என்பதால், நூற்றுக்கணக்கில் கனெக்‌ஷன் திறக்கும் மென்பொருளுக்கு முன்னால் பிஜிபவுன்சர் என்ற இணைப்புப் பகிர்வுக் கருவியை வைக்க வேண்டிவரும். முக்கியப் பதிப்பை உயர்த்துவது வெறும் பேக்கேஜ் அப்டேட் அல்ல, தனி வேலை. லினக்ஸையே புதிதாக மாற்றினாலும், அதன் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் அகரவரிசை விதி மாறி எழுத்து இண்டெக்ஸ்கள் பழுதாகலாம். அப்போது இண்டெக்ஸ்களைத் திரும்பக் கட்ட வேண்டும்.

மைஎஸ்க்யூஎல்லிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு தனி அதிர்ச்சிகள் காத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை போஸ்ட்கிரெஸ் பார்க்கும் என்பதால், பார்ட்டி பெயரைத் தேடினால் "இல்லை" என்று வரும். பழைய டேட்டாவில் தேதி இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சுழியாகக் கிடந்தால் அதை உள்ளே விடவே விடாது.

## மைஎஸ்க்யூஎல்

1995-ல் ஸ்வீடன் கம்பெனி ஒன்றில் பிறந்தது. 2008-ல் சன் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி வாங்கியது. 2010-ல் சன்னை ஆரக்கிள் வாங்கியதும் இதுவும் கூடவே போயிற்று. நம் ஊர்க் கல்லூரிகளில் பிஹெச்பி (வலைத்தளம் எழுதும் நிரல் மொழி) சொல்லித்தரும்போது கூடவே வருவது இதுதான். ஆள் கிடைப்பது என்ற முதல் அளவுகோலில் இதை எதுவும் வெல்ல முடியாது. காந்திபுரத்தில் ஏதாவது ஒரு பயிற்சி மையத்தில் கேட்டால் நாளைக்கே ஒரு பையன் வருவார்.

வரியை இருந்த இடத்திலேயே மாற்றிவிட்டுப் பழையதைத் தனிப் பதிவில் வைக்கும் இன்னோடிபி அமைப்பு இதன் பலம். வேக்குவம் மாதிரி தலைவலி குறைவு. நிறையக் கனெக்‌ஷன்களையும் இலகுவாகத் தாங்கும். இரண்டாவது சர்வருக்கு நகல் அனுப்பும் வேலை பல ஆண்டுகளாகப் பழகிப்போன ஒன்று என்பதால், தடுக்கினால் வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

2023-லிருந்து வெளியீட்டு முறை மாறியதைக் கவனிக்காமல் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இப்போது இரண்டு தடங்கள். எல்டிஎஸ் என்பது எட்டு ஆண்டு ஆதரவு கொண்டது. 2024 ஏப்ரலில் வந்த 8.4 அந்த வகை, 2032 ஏப்ரல் வரை செல்லும். இன்னோவேஷன் பதிப்புகள் மூன்று மாதத்துக்கு ஒன்றாக வருபவை, அடுத்தது வந்ததும் முந்தையதற்கு ஆதரவு முடிந்துவிடும். 2024 ஜூலையில் வந்த 9.0 இன்னோவேஷன் வகை. எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை இறக்கித் தொழிற்சாலையில் போட்டவர்கள் அன்றிலிருந்து துரத்திக்கொண்டே ஓட வேண்டியிருந்தது. இறக்குவதற்கு முன் எல்டிஎஸ் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

5.7-க்கு ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்தது. 8.0-க்கு அறிவிக்கப்பட்ட முடிவு 2026 ஏப்ரல். அப்படியும் நம் பக்கம் 5.7 நிறைய இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. 8.0.16-க்கு முந்தைய பதிப்புகளில் செக் கட்டுப்பாடு எழுதினால் வாங்கி வைத்துக்கொள்ளுமே தவிர நடைமுறைப்படுத்தாது. எடை மைனஸில் போகக்கூடாது என்று டேபிளில் எழுதியிருந்தும் மைனஸ் எடை ஏறியிருந்தால் காரணம் இதுதான்.

மறைசெலவு பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கும் எண்டர்பிரைஸ் பதிப்பை ஒட்டியே வரும். ஆடிட் பிளகின் (யார் என்ன செய்தார் என்று பதியும் நீட்சி), திரெட் பூல் (நிறைய இணைப்புகளைச் சமாளிக்கும் வசதி), சர்வர் ஓடும்போதே எடுக்கும் அதிகாரபூர்வ பேக்கப் கருவி ஆகியவை அங்கேதான். பேக்கப்புக்கு பெர்கோனாவின் எக்ஸ்ட்ராபேக்கப் இலவசமாகக் கைகொடுக்கும். ஜாவாஸ்கிரிப்டில் ஸ்டோர்டு புரொசீஜர் (டேட்டாபேஸுக்குள்ளேயே வைக்கும் நிரல்) எழுதும் வசதி 9.0-ல் அறிமுகமானபோதும் அது எண்டர்பிரைஸுக்கு மட்டும்தான். புது வசதி வரும்போதெல்லாம் அது நமக்கா, காசு கொடுப்பவருக்கா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு இதில் பிடிக்காதது அதுதான்.

லைசென்ஸும் இங்கே கவனிக்க வேண்டியது. மூலநிரல் தராத மென்பொருளோடு சேர்த்து மைஎஸ்க்யூஎல்லையும் அதன் இணைப்பானையும் கட்டி விற்றால் ஜிபிஎல் நிபந்தனைகள் குறுக்கே வரும். வணிக உரிமம் வாங்குவது ஒரு வழி. உங்கள் சர்வரில் நீங்களே ஓட்டி, வாடிக்கையாளர் பிரவுசரில் பார்க்கும் முறையாக இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

## மரியாடிபி

ஆரக்கிள் கைக்குப் போகிறது என்றதும் மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கிய மான்டி விடேனியஸே 2009-ல் பிரித்துக்கொண்டு வந்த கிளை. "ரெண்டும் ஒண்ணா?" என்ற கேள்விக்கு 2013-ல் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இன்று இல்லை. மைஎஸ்க்யூஎல் 8.0-ன் டேட்டா கோப்புகளை மரியாடிபி திறக்காது, டம்ப் (டேட்டாவை எழுத்துக் கோப்பாகக் கொட்டுவது) எடுத்துத்தான் ஏற்ற வேண்டும். இரண்டாவது சர்வருக்கு நகல் அனுப்பும்போது மாற்றங்களுக்கு எண் போடும் ஜிடிஐடி முறையும் இரண்டிலும் வேறு வேறு. ஜேசனை மைஎஸ்க்யூஎல் தனி வடிவில் வைக்கிறது, மரியாடிபியில் அது வெறும் நீண்ட எழுத்துப் பத்தி. ஆண்டுக்கு ஆண்டு இந்தத் தூரம் கூடுகிறது.

டெபியன் லினக்ஸில் மைஎஸ்க்யூஎல் கேட்டால் கிடைப்பது மரியாடிபிதான். விலை குறைந்த ஷேர்டு ஹோஸ்டிங்கில் கிடைப்பதும் பல நேரம் இதுவே. பலர் தெரியாமலேயே இதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஆடிட்டர் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வது இதுதான். 10.3 பதிப்பிலிருந்து சிஸ்டம் வெர்ஷனிங் இருக்கிறது. டேபிள் உருவாக்கும்போது மூன்று சொல் கூடச் சேர்த்தால், ஒவ்வொரு வரியின் பழைய வடிவங்களையும் அதுவே காப்பாற்றும். "மார்ச் 31 மாலை இந்த லெட்ஜர் எப்படி இருந்தது?" என்று ஒரே குவெரியில் கேட்கலாம். திரைக்குப் பின்னால் போய் நேரடியாக மாற்றினாலும் பதிவாகிவிடும். வரலாற்றை அழிக்கத் தனி அனுமதி வேண்டும், அதை யாருக்கும் கொடுக்காமல் விடலாம். போஸ்ட்கிரெஸில் இதே காரியத்துக்கு டிரிக்கரும் (மாற்றம் நடந்ததும் தானாக ஓடும் நிரல்) தனி டேபிளும் எழுத வேண்டும். 18-ல் வந்த காலக் கட்டுப்பாடுகள் இதற்கானவை அல்ல. ஆனால் ஒரு கண்ணி: சாதாரண டம்ப்பில் இந்த வரலாறு வராது. 10.11 முதல்தான் வரலாற்றோடு டம்ப் எடுக்கத் தனி விருப்பம் உண்டு. அதைச் சேர்க்காமல் தினமும் பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தால், சர்வர் போன அன்று கணக்கு திரும்பி வரும், திருத்தப் பதிவு வராது.

மரியாபேக்கப், திரெட் பூல், பல சர்வர்களை ஒரே நேரத்தில் எழுதவிடும் கேலரா ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன. இணைப்பான்கள் எல்ஜிபிஎல் என்பதால் மென்பொருள் விற்பவர்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட இடம் உண்டு.

எதிர்காலம்? அறக்கட்டளை 2012-லிருந்து இருக்கிறது. பின்னால் நிற்கும் கம்பெனி 2022 டிசம்பரில் நியூயார்க் பங்குச்சந்தைக்குப் போய், சரிந்து, 2024-ல் கே1 என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு வந்தது. குறியீடு ஜிபிஎல் என்பதால் ஓடிவிடாது. ஆனாலும் ஆதரவுக் காலம் குறைந்திருப்பதைக் கவனியுங்கள். 10.11-க்கு 2028 பிப்ரவரி வரை, 11.4-க்கு 2029 மே வரை. அதற்குப் பின் 2025-ல் வந்த 11.8-க்கு மூன்று ஆண்டுதான். 11.8-ல் வெக்டர் தேடலும் (பொருள் நெருக்கத்தை வைத்துத் தேடுவது), 2038-ல் முடியவிருந்த டைம்ஸ்டாம்ப் (நேரம் குறிக்கும் வகை) 2106 வரை நீண்டதும் வந்திருக்கின்றன. புதியதை எடுப்பதா, நீண்டதை எடுப்பதா என்றால் வருடாவருடம் போய்ப் பார்க்க முடியாத வாடிக்கையாளருக்கு நான் 11.4-ஐத்தான் போடுவேன்.

## எஸ்க்யூலைட்

இதற்கு சர்வரே கிடையாது, ஒரே ஒரு கோப்பு. ரிச்சர்ட் ஹிப் 2000-ல் எழுதத் தொடங்கியது. வெளியாட்களிடமிருந்து நிரல் வாங்கிக்கொள்ளாத சிறிய குழு, ஆனால் சோதனை நிரல் மூல நிரலைவிடப் பல நூறு மடங்கு. 2050 வரை ஆதரவு என்று அறிவித்திருக்கிறார்கள். நீண்ட கால வாக்குறுதியில் மற்ற எல்லாவற்றையும் இது தோற்கடிக்கிறது.

மஞ்சள் குடோனில் எடை போடும் ஒற்றை கம்ப்யூட்டர், பால் சொசைட்டியின் கொள்முதல் கவுண்டர், நாமக்கல் முட்டை வண்டி ஓட்டுநரின் போனில் நெட் இல்லாதபோதும் வேலை செய்ய வேண்டிய ஆப், இவற்றுக்கெல்லாம் இதைவிட்டு வேறொன்றைப் போடுவது வீண். வால் முறையை (மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதுவது) இயக்கிவிட்டால் ஒருவர் எழுதும்போது மற்றவர்கள் தடையில்லாமல் படிக்கலாம்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. கோப்பை ஒரு கம்ப்யூட்டரின் டி டிரைவில் ஷேர் செய்து, மூன்று கம்ப்யூட்டர்களிலிருந்து திறப்பது. நெட்வொர்க் ஷேரில் லாக் ஒழுங்காக வேலை செய்யாது, ஒருநாள் கோப்பு கெடும். இரண்டாவது கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று தெரிந்தாலே வேறு டேட்டாபேஸுக்குப் போய்விடுங்கள்.

எண் பத்தியில் "ஐம்பது கிலோ" என்று எழுதினாலும் வாங்கிக்கொள்ளும் தளர்ச்சி இதற்கு உண்டு. 2021-லிருந்து ஸ்ட்ரிக்ட் டேபிள் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஃபாரின் கீ (ஒரு டேபிள் சுட்டும் வரி இன்னொன்றில் இருப்பதை உறுதிசெய்யும் கட்டுப்பாடு) ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் நாமே இயக்கினால்தான் வேலை செய்யும். காசுக்கான டெசிமல் வகை இல்லை, ஆகவே ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணில் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பை மட்டும் காப்பி பேஸ்ட் செய்வது பேக்கப் ஆகாது, அதற்கான கட்டளை தனியாக இருக்கிறது.

## ஃபயர்பேர்டையும் ஒரு வார்த்தை

டெல்ஃபி மொழியில் எழுதிய பழைய மென்பொருள் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்பார்கள். போர்லாண்டின் இன்டர்பேஸ் மூலநிரலிலிருந்து 2000-ல் பிறந்தது. 2024 ஜனவரியில் 5.0 வந்தது, இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நிறுவுவது சுலபம், டேபிள் மாற்றத்தையும் ரோல்பேக் செய்யும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்லமாட்டேன், ஆள் கிடைப்பது கஷ்டம். ஏற்கெனவே ஓடுகிறவர்கள் பதற வேண்டாம், 5.0-க்கு உயர்த்திக்கொண்டு தொடரலாம்.

## தமிழில் பெயர் வைக்கும்போது

எல்லாமே யுடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறை) தமிழை வைத்துக்கொள்ளும். சிக்கல் அகரவரிசையில். எஸ்க்யூலைட்டின் இயல்பு வரிசையில் கனகராஜ் முதலிலும் கபிலன் அடுத்தும் வருவார்கள், ஏனென்றால் யூனிகோடு அட்டவணையில் "ந"வுக்கு அடுத்தே "ன" உட்கார்ந்திருக்கிறது. போஸ்ட்கிரெஸில் ஐசியு என்ற மொழி நூலகத்தின் தமிழ் வரிசையைக் குறிப்பிட்டால் நம் அகராதிப்படி கபிலன் முன்னால் வந்துவிடுவார். தமிழ்ச் சொற்களின் விகுதிகளை நீக்கித் தேடும் ஸ்டெம்மரும் 2019-ல் வந்த 12-ம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸுக்குள் இருக்கிறது.

மைஎஸ்க்யூஎல் பழைய டேபிள்களில் "யுடிஎஃப்8" என்று மட்டும் இருந்தால் அது மூன்று பைட் வரைதான். வழக்கமான தமிழெழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் தப்பித்துவிடும். வாட்ஸாப்பிலிருந்து ஒட்டிய இமோஜி வந்தால் விழும். 2019-ல் யூனிகோடில் சேர்ந்த பழந்தமிழ்ப் பின்னக் குறிகளும் நான்கு பைட்தான். "யுடிஎஃப்8எம்பி4" வகைக்கு மாற்றிவிடுங்கள்.

## யாருக்கு எது

மென்பொருள் எழுதிப் பல யூனிட்டுகளுக்கு விற்கிறவர், புதிதாகத் தொடங்குகிறார் என்றால் போஸ்ட்கிரெஸ். லைசென்ஸ் தொந்தரவு இல்லை, ஸ்கிரிப்ட் பாதியில் விழுந்தால் ரோல்பேக் உண்டு, ஐந்து ஆண்டு நாட்காட்டி தெளிவு. வேக்குவத்தைக் கற்றுக்கொள்ளும் ஒரு மாதத்தை முதலீடாகப் போடுங்கள்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குள் கணக்கு மென்பொருள் எழுதுகிறார், குழுவுக்கு மைஎஸ்க்யூஎல் பழக்கம், ஆடிட்டர் நெருக்குகிறார் என்றால் மரியாடிபி. வரலாற்றோடு பேக்கப் வருகிறதா என்று ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஒற்றைக் கவுண்டர், ஒற்றைப் போன் என்றால் எஸ்க்யூலைட்.

கிளவுடில் வைப்பவர்கள் ஒன்றைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அமேசானின் வாடகை டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் மூன்று பெரியவையும் மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிடைக்கின்றன, இந்தியாவுக்குள் பேக்கப் என்ற விதிக்கு அது உதவும். ஆனால் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டிலும் ஆதரவு முடிந்த பதிப்பிலேயே உட்கார்ந்திருந்தால் நீட்டிப்புக் கட்டணம் மணிக்கணக்கில் ஏறும்.

ஏற்கெனவே மைஎஸ்க்யூஎல்லில் ஒழுங்காக ஓடுகிறது என்றால் போஸ்ட்கிரெஸுக்கு மாற வேண்டியதில்லை. மாற்றும் செலவு டேட்டாவை நகர்த்துவதில் அதிகம் இல்லை, ஐநூறு ரிப்போர்ட்டுகளின் குவெரியைத் திருத்துவதில்தான் இருக்கிறது. 5.7-ல் இருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நேராக 8.4-க்குத் தாவ முடியாது, 8.0-ல் ஒருமுறை இறங்கி ஏற வேண்டும். 8.4-ல் பழைய பாஸ்வேர்டு முறை அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதனால் 7.4-க்கு முந்தைய பிஹெச்பியும், விஷுவல் பேசிக் காலத்து ஓடிபிசி இணைப்பானும் உள்ளே நுழையாது. முதலில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் நகலை உயர்த்தி, அந்த வாரச் சனிக்கிழமைச் சம்பளத்தை இரண்டிலும் போட்டு, தொகை பைசா வரை ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் நிஜ சர்வரில் கை வையுங்கள்.